கருத்தடைக் குளிசையும் மாதர் அனுசேபமும்: ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மோன்செல் என்பார் ஆங்கிலத்தில் இயற்றிய மகப்பேற்று நூலைத் தமிழாக்கி, 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரால் 1857ஆம் ஆண்டில் வெளியிட்டார். மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தல் கூடும் என்று துணிந்தவர் அவர். மாதரின் உடலில் நிகழ்வனவற்றை மாதர் பேசும் மொழியிலேயே எடுத்துரைத்தல் வேண்டும் என்னும் கொள்கை யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவர் காலத்திலேயே வேரூன்றியது. அதன்பின் நூறாண்டு கழிந்தபோது, மாதரின் உடலைக் குறித்து வேறொரு பெருங்கேள்வி உலகெங்கும் எழுந்தது. நோய் எதுவும் இல்லாத பெண், நாள்தோறும் ஒரு குளிசை வீதம், ஆண்டுக்கணக்காக ஒரு மருந்தை உட்கொள்வாளாயின், அவள் உடலின் அகத்தே யாது நிகழும் என்பதே அக்கேள்வி.

உண்ட உணவை உடல் தன்மயமாக்கி, சத்தியாக மாற்றி, சேமித்து, வேண்டாதவற்றைக் கழிக்கும் இரசாயனச் செயல் யாவும் இலங்கைப் பாடநூல்களில் 'அனுசேபம்' என்னும் பெயர் பெறும். தமிழ்நாட்டார் இதனை 'வளர்சிதை மாற்றம்' என்பர். குருதியில் வெல்லத்தின் அளவு, கொழுப்பின் அளவு, இன்சுலின் தொழிற்படும் திறன், உடலின் நிறை என்பன அனுசேபத்தின் நிலையைக் காட்டும் அடையாளங்கள். கருத்தடைக் குளிசை இவ்வடையாளங்களை எவ்வாறு மாற்றியது, அம்மாற்றத்தை யார் கண்டறிந்தனர், கண்டறிந்ததன் பயனாகக் குளிசை எவ்வாறு மாறியது என்பன ஒரு வரலாறாகத் தொடர்ந்து நோக்கத்தக்கன. அவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு.

மாதர் வைத்தியத்தின் முன்னிலை

கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். 1873இல் நாடு திரும்பும் வரையில், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, இங்கேயே தொண்டாற்றினார். எனினும், ஆடவரான வைத்தியர் முன் தம் நோயைச் சொல்ல நாணிய பெண்கள் பலர். இக்குறையை நீக்கும் பொருட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென இனுவிலில் மக்லியொட் வைத்தியசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. இலெய்ச் சகோதரிகள் அதற்கெனப் பொருள் திரட்டினர். ஸ்கொத்லாந்து நாட்டு வைத்தியரான இசபெல்லா கேர் அங்கே பல்லாண்டு பணி செய்தார்.

அந்நாளில் மகப்பேறு என்பது உயிரைப் பணயம் வைக்கும் செயலாகவே இருந்தது. 1946இல் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஏறத்தாழ 1,550 தாய்மார் இறந்தனர். பின்னர் அவ்வெண் பெரிதும் குறைந்துவிட்டது. குளிசையால் விளையும் தீங்கை எடைபோடுவோர் இந்த எண்ணையும் மறத்தல் கூடாது. வேண்டாத கருப்பத்தைத் தவிர்த்தல் என்பது பல தாய்மாருக்கு உயிரைக் காத்தலேயாகும்.

குடும்பத் திட்டத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுதல் இழுக்கெனக் கருதப்பட்ட காலத்தில் அதனைப் பேசியவர் டொக்டர் மேரி இரத்தினம் அம்மையார். கனடாவிற் பிறந்த இவர், யாழ்ப்பாணத் தமிழரான எஸ். சி. கே. இரத்தினம் என்பவரை மணந்து இலங்கையைத் தம் நாடாகக் கொண்டார். 1937இல் கொழும்பில் ஒரு குடும்பத் திட்டச் சிகிச்சை நிலையத்தைத் தொடக்கினார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும் வித்து வீணாகவில்லை. 1953இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் நிறுவப்பட்டது. அம்மையார்க்கு 1958இல் மக்சாய்சாய் விருது வழங்கப்பட்டது. 1962இல் அவர் மறைந்தார்.

குளிசையின் பிறப்பு

குளிசையின் கதை ஒரு கிழங்கிலிருந்து தொடங்குகின்றது. பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் புரோசெத்தரோன் என்னும் ஓமோனை விலங்குகளின் உறுப்புக்களிலிருந்து எடுப்பது பெருஞ்செலவாக இருந்தது. அமெரிக்க இரசாயனர் ரஸல் மார்க்கர், 1940களில் மெக்சிக்கோவின் காட்டு வள்ளிக்கிழங்கு வகையொன்றிலுள்ள டயோஸ்ஜெனின் என்னும் பொருளிலிருந்து அதனை மலிவாக ஆக்கும் வழியைக் கண்டார். யாழ்ப்பாணத்தார் விரும்பி உண்ணும் இராசவள்ளிக் கிழங்கும் அதே சாதியைச் சேர்ந்த கொடியின் கிழங்கேயாம். ஆயினும், உண்ணும் கிழங்கிற்குக் கருத்தடை செய்யும் ஆற்றல் இல்லை. ஆய்வுகூடத்திலே பல இரசாயன மாற்றங்களுக்கு உட்பட்ட பின்னரே ஓமோன் கிடைக்கும்.

வாய்வழி உட்கொள்ளும் புரோசெத்தரோன் ஈரலிலே விரைவிற் சிதைந்துபோம். ஆதலின் சிதைவை எதிர்த்து நிற்கும் செயற்கை வகைகள் தேவைப்பட்டன. 1951இல் கார்ல் ஜெராசியும் அவர்தம் கூட்டாளிகளும் மெக்சிக்கோவில் நோரெதிஸ்தரோனை ஆக்கினர். அதனையடுத்துச் சேர்ல் கம்பனியின் பிராங் கொல்ற்றன் நோரெதினொட்ரலை ஆக்கினார். சிதைவை எதிர்க்கும் இப்பண்பே குளிசைக்கு வலிமை தந்தது; ஈரலின் மீது அதன் தாக்கம் மிகுவதற்கும் அதுவே காரணமாயிற்று. இதனைப் பின்னர்க் காண்க.

கிறெகறி பிங்கஸ், மின்-சூவே சாங், ஜோன் றொக் ஆகியோரின் முயற்சியால் இம்மருந்து கருத்தடைக்கெனச் செம்மைப்படுத்தப்பட்டது. 1956இல் புவேர்ட்டோ றிக்கோவின் றியோ பியெத்றாஸ் என்னும் இடத்தில் ஏழைப் பெண்களிடையே பெருமளவிலான பரிசோதனை தொடங்கியது. 1960இல் ஐக்கிய அமெரிக்க அரசு 'எனோவிட்' என்னும் குளிசையைக் கருத்தடைக்கு அனுமதித்தது. ஒரு குளிசையில் 9.85 மில்லிகிராம் நோரெதினொட்ரலும் 0.15 மில்லிகிராம், அதாவது 150 மைக்கிரோகிராம், மெஸ்திரனோல் என்னும் ஈஸ்திரசனும் இருந்தன. இன்று பொதுவாக வழங்கும் குளிசைகளில் ஈஸ்திரசன் 20 முதல் 35 மைக்கிரோகிராம் அளவே உண்டு. இரு ஈஸ்திரசன்களின் வலிமையும் முற்றும் ஒன்றன்று. எனினும், முதற் பெண்கள் உட்கொண்ட மருந்தின் பாரம் எத்தகையது என்பதை இவ்வெண்கள் உணர்த்தும்.

முறைப்பாடும் அளவையும்

புவேர்ட்டோ றிக்கோப் பரிசோதனையை முன்னின்று நடத்திய பெண் வைத்தியர் எட்றிஸ் றைஸ்-ரே, குளிசை கருவைத் தடுப்பதில் தவறாதது என்று அறிக்கை செய்தார். உடன், பெண்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் தலைச்சுற்று, குமட்டல், தலைவலி முதலியவற்றை முறையிட்டனர் என்றும், பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுதற்கு இப்பக்கவிளைவுகள் மிகையானவை என்றும் எழுதினார். பிங்கஸ் அவற்றுட் பலவற்றை மனத்தின் கற்பனை எனக் கொண்டார். பெண் சொன்னதை உடலின் சான்றாகக் கொள்வதா, மனத்தின் மயக்கமாகத் தள்ளுவதா என்பதே குளிசை வரலாற்றின் முதல் வழக்காகும். பின்வந்த ஆண்டுகள் அவ்வழக்கில் பெண்களின் பக்கமே தீர்ப்பளித்தன.

1961இல் இங்கிலாந்தின் கிராமப்புற வைத்தியர் ஒருவர், எனோவிட் உட்கொண்ட பெண்ணொருத்தியின் நுரையீரலிற் குருதிக்கட்டி அடைத்ததைக் குறித்து 'லான்செற்' இதழுக்கு எழுதினார். 1963இல் அமெரிக்காவில் சிலர் எனோவிட் உட்கொண்டோரின் குருதி வெல்லத்தைச் சோதித்தபோது, வெல்லத்தைத் தாங்கும் ஆற்றல் பலரிடம் குன்றியிருத்தலைக் கண்டனர். 1966இல் லண்டன் சென் மேரீஸ் வைத்தியசாலையின் விக்டர் வின் என்பார் தம் கூட்டாளிகளுடன் இரு செய்திகளை வெளியிட்டார். குளிசை உட்கொள்ளும் பெண்களின் குருதியில் வெல்லமும் இன்சுலினும் வேறுபடுகின்றன என்பது ஒன்று. கொழுப்புப் பொருள்கள், சிறப்பாக முக்கிளிசரைட்டு, உயர்கின்றன என்பது மற்றொன்று. பெண்களின் வாய்ச்சொல்லாக இருந்தது இவ்வாறு ஆய்வுகூட எண்ணாக மாறியது.

1968இல் இங்கிலாந்தின் பொது வைத்தியர் கல்லூரி, குளிசை உண்போர் 23,000 பேரையும் உண்ணாதோர் 23,000 பேரையும் நெடுங்காலம் தொடர்ந்து நோக்கும் ஆய்வொன்றைத் தொடங்கியது. 1969இல் அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு, ஈஸ்திரசன் 50 மைக்கிரோகிராமிற்கு மேற்படாத குளிசைகளையே வழங்குமாறு வைத்தியர்க்கு அறிவுறுத்தியது. 1970இல் ஐக்கிய அமெரிக்காவில் செனற்றர் நெல்சன் தலைமையில் விசாரணை நடந்தது. குளிசை உண்ட பெண்களில் ஒருவரேனும் சாட்சியாக அழைக்கப்படவில்லை என்று அவையிலிருந்த இளம் பெண்கள் எழுந்து குரல் எழுப்பினர். அதன் பயனாக, குளிசைப் பெட்டியினுள் உண்பவர்க்கென ஓர் அறிவிப்புத்தாள் வைக்கப்படல் வேண்டும் என்னும் விதி பிறந்தது.

ஈரலும் இன்சுலினும்

வாயால் உட்கொள்ளும் குளிசை, குடலில் உறிஞ்சப்பட்டு வாயில் நாளத்தின் வழியே முதற்கண் ஈரலை அடைகின்றது. சூலகத்திலிருந்து சுரக்கும் ஓமோனோ குருதியெங்கும் பரவிய பின்னரே ஈரலைச் சேரும். ஆதலின் குளிசையின் ஓமோன், இயற்கையினும் மிகுந்த செறிவில் ஈரலைத் தாக்குகின்றது. ஈரலோ அனுசேபத்தின் நடுநிலையம். அங்கே ஈஸ்திரசன் முக்கிளிசரைட்டின் உற்பத்தியை உயர்த்தும். குருதி உறைதற்குரிய சில காரணிகளை மிகுவிக்கும். குருதி அமுக்கத்தை உயர்த்தும் பொருளுக்கு மூலமான புரதத்தையும் பெருக்கும். அதே ஈஸ்திரசன், நன்மை தரும் கொழுப்பெனப்படும் உயரடர்த்திக் கொலஸ்திரோலையும் உயர்த்துவதாகும்.

குளிசையின் மற்றைக் கூறான புரோசெஸ்தோசன் இதற்கு மாறாகத் தொழிற்படுவதுண்டு. ஆண் ஓமோனின் சாயல் மிக்க லெவோநோர்செஸ்திரல் போன்றவை உயரடர்த்திக் கொலஸ்திரோலைத் தாழ்த்தும். ஆகவே, ஒரு குளிசையின் விளைவு அதிலுள்ள ஈஸ்திரசனின் அளவினால் மட்டும் அமைவதன்று. உடன் சேரும் புரோசெஸ்தோசனின் வகையாலும் அளவாலும் அமைவதாகும்.

வெல்லத்தின் நிலை வேறு. இன்சுலின் என்பது குருதியிலுள்ள குளுக்கோசைக் கலங்களுட் செலுத்தும் ஓமோன். குளிசை உண்பவரிடத்தில் இன்சுலினுக்குக் கலங்கள் இணங்குதல் சற்றே குறைகின்றது. சதையி கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இக்குறையை ஈடுசெய்யும். 1990இல் கொட்ஸ்லன்ட் முதலியோர் லண்டனிலிருந்து வெளியிட்ட ஆய்வில், குளிசை உண்ட 1,060 பெண்களும் உண்ணாத 418 பெண்களும் ஒப்பிடப்பட்டனர். கூட்டுக் குளிசை உண்டோரில் இன்சுலின் எழுச்சி, குளிசையின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 12 முதல் 40 வரை மிகுந்திருந்தது. சதையி வலிமையோடு இருக்கும் பெண்ணுக்கு இஃது இடராகாது. அமெரிக்கத் தாதியர் பலரைத் தொடர்ந்து நோக்கிய பேராய்வும், குளிசையினால் நீரிழிவு குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை என்றே கண்டது. முன்னமே சதையி தளர்ந்துள்ள பெண்ணின் நிலை என்ன என்பதே எஞ்சும் கேள்வி.

'குளிசை குடித்தால் உடம்பு ஊதிவிடும்' என்பது குடாநாட்டிலும் வழங்கும் பேச்சு. இதனை ஆராய்ந்த 49 பரிசோதனைகளை 2014இல் தொகுத்து நோக்கியோர், கூட்டுக் குளிசையால் நிறை பெரிதும் கூடுகின்றது என்பதற்குச் சான்று இல்லை என முடிவு கூறினர். அச்சங்கள் யாவும் உண்மையல்ல. முறைப்பாடுகள் யாவும் கற்பனையுமல்ல. இரண்டையும் பிரித்தறிவது அளவை ஒன்றேயாம்.

இலங்கையிற் குளிசை

1958இல் இலங்கை அரசும் சுவீடன் அரசும் குடும்பத் திட்ட முன்னோடித் திட்டமொன்றிற்கு உடன்படிக்கை செய்தன. குடும்பத் திட்டத்திற்கென அரசுக்கு அரசு உதவிய முயற்சிகளுள் இஃது உலகிலேயே முற்பட்டவற்றுள் ஒன்று. அந்நாளில் குளிசை இன்னும் புழக்கத்திற்கு வந்திலது. 1960களின் தொடக்கத்தில் தமிழ்ப் பெண் வைத்தியரான டொக்டர் சிவா சின்னத்தம்பி, குடும்பத் திட்டச் சங்கத்தின் வாயிலாக இலங்கையில் குளிசைப் பரிசோதனையை நடத்தினார். ஆசியாவில் நடந்த தொடக்ககாலப் பரிசோதனைகளுள் அதுவும் ஒன்று. 1965இல் அரசு குடும்பத் திட்டத்தைத் தேசிய சுகாதார சேவையின் பகுதியாக ஏற்றது. 1970களில் சங்கம் 'மித்துரி' என்னும் பெயரால் குளிசையைக் கடைகளிலும் மலிவு விலைக்குக் கிடைக்கச் செய்தது. சிங்களத்தில் அச்சொல்லுக்குத் தோழி என்பது பொருள்.

இவ்வாண்டுகளை ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மேலைநாட்டு ஆய்வுகூடங்களில் வெல்லத்தையும் கொழுப்பையும் பற்றிய எச்சரிக்கை எழுதப்படுவதற்கு முன்னரே, உயர்ந்த அளவுடைய குளிசைகள் பல நாட்டு ஏழைப் பெண்களின் கைகளைச் சேர்ந்துவிட்டன. அப்பெண்களின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. இன்று குறைந்த அளவுடைய குளிசையை உட்கொள்ளும் ஒவ்வொரு பெண்ணும் அவர்கள் பட்ட வருத்தத்தின் பயனைத் துய்ப்பவளேயாவாள்.

குடாநாட்டிற்குரிய கேள்வி

சலரோகம் எனக் குடாநாட்டார் கூறும் நீரிழிவு, இன்று யாழ்ப்பாணத்தில் வீடுதோறும் அறியப்பட்ட நோய். தென்னாசியர் மெலிந்த உடலினராயினும் இன்சுலினுக்கு இணங்காமை அவரிடத்தில் மிகுதி என்பது பல நாட்டு ஆய்வுகளால் நிறுவப்பட்டது. கருப்ப காலத்தில் தோன்றும் நீரிழிவும் தென்னாசியப் பெண்களிடத்து மிகுந்து காணப்படும். ஐரோப்பியப் பெண்களிடம் பெற்ற அளவைகளை அப்படியே இங்குள்ளார்க்குப் பொருத்துதல் ஆகாது.

இதற்குச் சான்றாக ஓர் ஆய்வு எண்ணத்தக்கது. 1998இல் லொஸ் ஏஞ்சலிசில், கருப்ப கால நீரிழிவு கண்ட இலத்தீன் அமெரிக்கப் பெண்கள் நோக்கப்பட்டனர். பாலூட்டி வந்தோருள் புரோசெஸ்தோசன் மட்டும் கொண்ட குளிசையை உட்கொண்டோரிடத்தில் நீரிழிவு நிலைபெறுதல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. கூட்டுக் குளிசையை உட்கொண்டோரிடத்தில் அத்தகைய மிகுதி இல்லை. ஓர் ஆய்வைக் கொண்டு விதி வகுத்தல் தகாது. உலக சுகாதார நிறுவனமும் கருப்ப கால நீரிழிவு கண்டோர்க்கு எக்குளிசையையும் தடைசெய்யவில்லை. ஆயினும், மகப்பேற்றின் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தினுள் குருதி வெல்லத்தை மீளச் சோதித்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை அவ்வாய்வு வலியுறுத்துகின்றது.

ஐயத்திற்கு இடமில்லாத விதிகளும் உள. குருதி அமுக்கம் 140/90இற்கு மேற்பட்டோர்க்குக் கூட்டுக் குளிசை பொதுவாகத் தகாது. நீரிழிவினாற் சிறுநீரகம், கண், குருதிக்குழாய் என்பன பழுதுற்றோர்க்கும் தகாது. மகப்பேற்றின் பின் பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு வாரங்களில் அது விலக்கப்பட்டது. குருதிக்கட்டி தோன்றும் வாய்ப்பு, குளிசை உண்ணாதோரில் ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் பேருக்கு 1 முதல் 5 எனின், உண்போரில் 3 முதல் 9. கருப்பவதிகளிலோ 5 முதல் 20. குளிசைக்கு அஞ்சி அதனைக் கைவிட்டு, வேண்டாத கருப்பத்தைச் சுமக்கும் பெண் சிறிய இடரை நீக்கிப் பெரிய இடரை ஏற்றவளாவாள்.

இவ்விதிகளைக் காத்தற்கு வேண்டிய கருவிகள் அரியனவல்ல. குருதி அமுக்கமானி, தராசு, குருதி வெல்லச் சோதனை என்பவற்றோடு, பெண்ணின் குடும்பத்திற் சலரோகம் உண்டோ, கடந்த கருப்பத்தில் வெல்லம் உயர்ந்ததோ என்னும் சில வினாக்களே போதும். இவ்வினாக்களைக் கேட்கும் வாய்ப்பு வீடுகளுக்குச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்க்கு உண்டு. கடையில் நேரே வாங்கும் பெண்ணிடம் எவரும் கேட்பதில்லை. சூலகத்திற் பல நீர்க்கட்டிகள் தோன்றும் குறைபாட்டிற்காக இளம் பெண்களுக்கும் இக்குளிசை மருந்தாக வழங்கப்படுகின்றது. அவரிடத்தே இன்சுலினுக்கு இணங்காமை முன்னரே இருத்தல் கூடுமாதலின், அளந்து கொடுத்தலும் கொடுத்தபின் அளத்தலும் அங்கே இரட்டிப்பாகத் தேவைப்படும்.

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியது. ஐந்தாண்டு கழியுமுன் போர் மூண்டு, 2009 வரை நீடித்தது. மருந்தும் மருத்துவரும் அரிதாகிய அக்காலத்தில் உயிர் காத்தலே முதற்பணியாயிற்று. நெடுங்கால ஆய்வுகளுக்கு அமைதி வேண்டும். அமைதி திரும்பியபின் நீரிழிவையும் அனுசேபக் கோளாறுகளையும் பற்றிய ஆய்வுகள் அப்பீடத்தில் வளர்ந்து வருகின்றன. குடாநாட்டுப் பெண்கள் உட்கொள்ளும் குளிசை அவர்தம் வெல்லத்தையும் கொழுப்பையும் யாது செய்கின்றது என்பதை அவர்களிடமே அளந்தறிதல் அவ்வாய்வுகளின் இயல்பான தொடர்ச்சியாகும்.

முடிபு

குளிசையின் அளவு 150 மைக்கிரோகிராமிலிருந்து 30ஐ ஒட்டி இறங்கியது தானாக நிகழ்ந்ததன்று. பெண்கள் முறையிட்டனர், வைத்தியர் சிலர் செவிசாய்த்தனர், ஆய்வுகூடத்தார் அளந்தனர், அரசுகள் விதி செய்தன. இந்நான்கனுள் முதலாவது இல்லாதிருப்பின் ஏனைய மூன்றும் நிகழ்ந்திரா. குளிசை பெண்களுக்குத் தீங்கே செய்தது என்பாரும், தீங்கே செய்யவில்லை என்பாரும் இவ்வரலாற்றின் பாதியையே கண்டவராவர்.

அறிவிப்புத்தாள் என்பது 1970இல் அமெரிக்கப் பெண்கள் போராடிப் பெற்ற உரிமை. அத்தாள் வாசிப்பவளுக்கு விளங்காத மொழியில் இருப்பின் அது வெறுந்தாளேயாகும். கிறீன் தம் மாணவர்க்குத் தமிழில் மருத்துவம் சொல்ல வேண்டுமென்று உழைத்தது, அறிவு நோயாளியின் வீட்டுவாயில் வரை செல்லுதல் வேண்டும் என்பதற்காகவே. குளிசையைக் கையிலேந்தும் பெண்ணுக்கு, அது தன் உடலில் என்ன செய்யும், எப்போது நிறுத்தல் வேண்டும், எதனைச் சோதித்தல் வேண்டும் என்பன தெளிந்த தமிழிற் சொல்லப்படும் நாளில்தான், மானிப்பாயில் தொடங்கிய அப்பணி நிறைவெய்தும்.